அடிக்கணக்கில் ஆசை

என் மாமா மகன் கித்துல்கலவில் ராஃப்டிங் நடத்துகிறான். பொல்பிட்டியவில் பிறந்தவனுக்கு அது ஒன்றும் அதிசயத் தொழில் இல்லை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகிற இடத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் ஆற்றோடு அவன் ஆசை நிற்கவில்லை. திருகோணமலையில் ஒரு கூட்டாளியைப் பிடித்து, 30 அடி பைபர் படகில் டூரிஸ்ட்டுகளைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போய், அதிலும் நாலு காசு பார்த்துவிட்டான். இப்போது அடுத்த கட்டம். போன மாதம் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து விழுந்தன. 58 அடி மோட்டார் யாட். மூன்று படுக்கையறை, இரட்டை இஞ்சின், மேல்தளத்தில் சோபா, கிச்சனில் மார்பிள் மாதிரி ஏதோ ஒன்று. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மச்சான், துபாயில நிக்குது, நீ பக்கத்துலதானே இருக்க, ஒருக்கா போய்ப் பார்த்துட்டு ஓகேன்னு சொல்லு, அட்வான்ஸ் போட்டுர்றேன்."

போய்ப் பார்த்தேன். ஓகே என்று சொல்லவில்லை. ஏன் என்பதை அவனுக்கு போனில் துண்டு துண்டாகச் சொன்னேன். பழைய பெரிய படகு வாங்க நினைக்கும் வேறு சிலரும் அதே கேள்விகளைக் கேட்பதால் இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். மலைநாட்டுக்காரன் யாட் பற்றி எழுதுகிறான் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எங்கள் அப்பா பொல்பிட்டிய பவர் ஹவுஸில் ஷிப்ட் வேலை பார்த்தவர். எனக்கு இஞ்சின் வேலைதான் சோறு, அதிலும் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடமாக வளைகுடாவில் படகு இஞ்சின்தான்.

முதலில் நீளம். படகு வாங்குகிறவர்கள் எல்லோரும் அடிக்கணக்கில்தான் பேசுவார்கள். 42 அடி, 50 அடி, 58 அடி என்று. ஆனால் படகு நீளத்தில் மட்டும் வளர்வதில்லை, அகலத்திலும் ஆழத்திலும் சேர்ந்தே வளர்கிறது. 40 அடியிலிருந்து 60 அடிக்குப் போனால் நீளம் ஒன்றரை மடங்கு. அதே வடிவம் என்றால் கனம் 3.4 மடங்கு. செலவு கனத்தின் பின்னால் போகுமே தவிர நீளத்தின் பின்னால் போகாது. அடிப்பாகத்துக்கு அடிக்கும் பெயின்ட், நங்கூரம், சங்கிலி, பம்ப், பேட்டரி, தூக்கும் கிரேன், கட்டி வைக்கும் இடம் எல்லாமே அடுத்த சைசுக்குப் போய்விடும். சின்னப் படகில் கயிற்றைத் தவறவிட்டால் காலை நீட்டிப் படித்துறையைத் தள்ளிவிடலாம். 25, 30 டன் படகுக்கும் படித்துறைக்கும் நடுவில் காலை நீட்டினால் கால் மிஞ்சாது.

வேகத்திலும் இதே கதைதான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனமான படகுக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் எத்தனை நாட், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல், என்று வரும். 36 அடிக்கு 8 நாட். 49 அடிக்கு 9.4 நாட். 13 அடி கூட்டி வாங்கினால் கிடைப்பது ஒன்றரை நாட்கூட இல்லை. அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் படகு தண்ணீரின் மேலே ஏறி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படி ஏற்றுவதற்குக் குதிரைத்திறனைக் கொட்ட வேண்டும், குதிரைக்கு டீசலைக் கொட்ட வேண்டும். தோராயக் கணக்கு இதுதான்: டீசல் இஞ்சின் உண்மையில் வெளியே தருகிற ஒவ்வொரு 5 குதிரைத்திறனுக்கும் மணிக்கு ஒரு லிட்டர். மச்சான் அனுப்பிய படகில் 800 குதிரைத்திறன் இஞ்சின் இரண்டு. 24 நாட்டில் ஓட்டினால் மணிக்கு 200 லிட்டருக்குக் குறையாது. அதே படகை 8 நாட்டில் ஓட்டினால் 30 லிட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் 8 நாட்டில் ஓட்டுவதற்கா 1,600 குதிரைத்திறனை வாங்கி வைத்துப் பராமரிப்பது?

2022 ஜூன் மாதம் நம் ஊரில் டீசல் லிட்டர் 460 ரூபாய்க்குப் போனதும், அதுவும் கிடைக்காமல் வரிசையில் படுத்துத் தூங்கியதும் மறந்திருக்காது. அந்த விலையில் மணிக்கு 200 லிட்டரைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். 92,000 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு.

"டேங்க் 2,500 லிட்டர் மச்சான், ஓட்டிக்கிட்டே கொண்டாந்துரலாம்" என்றான். வேகமாக ஓட்டினால் அந்த டேங்க் 12 மணி நேரம் தாங்கும், 300 கடல் மைல்கூடப் போகாது. மெதுவாக ஓட்டினால் 700 மைல் போகலாம். துபாயிலிருந்து காலித் துறைமுகம் ஏறத்தாழ 1,900 கடல் மைல். நடுவில் இருப்பது அரபிக்கடல். இந்த மாதிரிப் படகுகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவதென்றால் சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். அந்தக் கூலி, தொட்டில் செய்கிற செலவு, இன்சூரன்ஸ், சுங்கம் எல்லாம் விற்பனை விளம்பரத்தில் இருக்காது.

இனி படகுக்குள் போவோம். நான் போன நாள் காலையில் புரோக்கர் எனக்கு முன்பே வந்து நின்றார். டை கட்டிய நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்தார். சலூன் பளபள. மூன்று அறையிலும் புது மெத்தை, புதுத் தலையணை, மேசையில் பிளாஸ்டிக் ஆர்க்கிட். அவர் ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டே வந்தார். நான் தரைப்பலகையைத் தூக்கி இஞ்சின் ரூமுக்குள் இறங்கினேன். இறங்கியதும் முதல் வேலையாக இஞ்சின் பிளாக்கின் மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், டீசல் இஞ்சினின் நோயெல்லாம் தெரிவது குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட்டில்தான். வளையமும் சிலிண்டரும் தேய்ந்து அமுக்கம் குறைந்த இஞ்சின் காலையில் லேசில் பிடிக்காது. பிடித்தாலும் வெள்ளைப்புகையைக் கக்கும், எரியாத டீசல் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலமாக மிதக்கும். சூடேறிவிட்டால் அதே இஞ்சின் நல்ல பிள்ளையாகிவிடும். வாங்க வருகிறவனுக்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி அணைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் வேறொரு வேலை இருக்கிறது, நாளைக் காலை வருகிறேன், அதுவரை தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். புரோக்கருக்குப் புரிந்தது. மறுநாள் காபி வரவில்லை.

புகையை நிறம் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் இஞ்சினுக்குக் காற்று போதவில்லை, அல்லது தாங்காத சுமை. வெள்ளை என்றால் எரியாத டீசலாக இருக்கலாம், குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிவதாகவும் இருக்கலாம். மறுநாள் இடது இஞ்சின் நன்றாகப் பிடித்தது. வலது இஞ்சின் மூன்றாம் தடவைதான் பிடித்தது, பின்பக்கம் வெள்ளைப் புகை நின்று விளையாடியது.

அதைவிட எனக்கு உறுத்தியது பில்ஜ். படகின் அடிவயிற்றுக்கு அந்தப் பெயர். முழுக்கப் புது வெள்ளைப் பெயின்ட். 18 வயதுப் படகின் பில்ஜ் அழுக்காக இருப்பது குற்றமில்லை, எங்கே ஒழுகுகிறது, எது ஒழுகுகிறது என்று அந்த அழுக்கே சொல்லும். எண்ணெய்க் கோடு, உப்புப் பூத்த தடம், டீசல் டேங்கின் அடியில் கறுப்பு ஈரம் என்று எல்லாவற்றையும் அங்கே வாசிக்கலாம். புதுப் பெயின்ட் அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்ட மாதிரி.

வளைகுடாப் படகு வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. விளம்பரத்தில் "இஞ்சின் 650 மணி நேரம்தான்" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். உண்மையாகவே இருக்கும். இங்கே முதலாளி வாரக் கடைசியில் வந்து, ஒரு மணி நேரம் ஓடி, நங்கூரம் போட்டு, நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்திருப்பார். ஏசியை ஓட்டுவது ஜெனரேட்டர். அந்த மீட்டரை யாரும் காட்ட மாட்டார்கள், நாமாகக் குனிந்துதான் பார்க்க வேண்டும். இந்தப் படகில் இஞ்சின் 650, ஜெனரேட்டர் 6,000 சொச்சம். கோடையில் இங்கே கடல்தண்ணீரே 35 பாகை வரை போகும், அந்தத் தண்ணீரை உறிஞ்சித்தான் எல்லாமே குளிர வேண்டும். அந்த ஜெனரேட்டரின் ஆயுள் எங்கே நிற்கிறது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

650 மணி நேரத்தையும் நான் நல்ல செய்தியாக எடுக்க மாட்டேன். 18 வருடத்துக்கு 650 என்றால் வருடத்துக்கு 36 மணி நேரம். கடல் டீசல் இஞ்சின் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். உப்புத் தண்ணீர் குளிர்கலனுக்குள் தேங்கித் தின்னும். புகைக்குழாய் முழங்கையில் துரு பிடித்து, ஒரு நாள் தண்ணீர் திரும்ப இஞ்சினுக்குள் இறங்கும். ரப்பர் இறுகிப்போகும். அதே வயதில் 4,000 மணி நேரம் ஒழுங்காக ஓடிய படகு, பக்கத்தில் தேதி வாரியாக ஆயில் மாற்றிய கணக்கு இருந்தால், என் கண்ணுக்கு இதைவிட இளமையானது.

இங்கேதான் எங்கள் அப்பா வருகிறார். பொல்பிட்டிய பவர் ஹவுஸ் 1969இல் ஓடத் தொடங்கியது. லக்சபான குளத்துத் தண்ணீர் சுரங்கத்திலும் குழாயிலும் இறங்கி வந்து இரண்டு டர்பைனைச் சுழற்றும், அந்தக் காலத்தில் 75 மெகாவாட். ஷிப்டில் இருப்பவர்கள் நேரம் தவறாமல் தாங்கி வெப்பநிலை, எண்ணெய் அமுக்கம், தண்ணீர் அமுக்கம் எல்லாம் லாக் புக்கில் எழுத வேண்டும். ஒரு நாள் கணக்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆறு மாதக் கணக்கை வைத்துப் பார்த்தால் எந்தத் தாங்கி மெல்ல மெல்லச் சூடேறுகிறது என்று, அது சத்தம் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அரை நூற்றாண்டு அந்த மெஷின்கள் ஓடியதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். படகிலும் நான் முதலில் கேட்பது லாக் புக். இந்தப் படகில் இல்லை. "பழைய கேப்டன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்" என்றார் புரோக்கர். பழைய கேப்டன் எங்கே என்றேன். தெரியாது என்றார்.

என்னைக் கேட்டால், பெரிய பழைய படகு வாங்குவதில் ஆகப் பெரிய விஷயம் அதுதான். படகை அறிந்த ஆள் எங்கே?

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது, கொஞ்சம் விலகிப்போய்ச் சொல்கிறேன். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். அவருக்கும் அடிக்கணக்கில் ஆசை வந்தது. அவர் கண் போன இடம் வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்டுச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த 'அன்னபூரணி' என்ற மரக்கப்பலை வாங்கினார், கிட்டத்தட்ட 90 அடி. 32இலிருந்து 90 என்றால், மேலே சொன்ன கணக்குப்படி கனத்தில் 22 மடங்கு. தன் மனைவி பெயரை வைத்து 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார். 1937இல் கொழும்பிலிருந்து புறப்பட்ட கப்பல், சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலைத் தாண்டி, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது.

வல்வெட்டித்துறைக்காரர்களின் பெருமையாக இந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள், பெருமைதான். நான் பார்ப்பது வாங்கியவரின் சாமர்த்தியத்தை. அவர் கடல் தெரிந்தவர், அமெரிக்காவில் சொந்தக் கப்பல் பட்டறை நடத்தியவர், விரும்பினால் புதிதாகவே கட்டியிருக்கலாம். வாங்கியது, உழைத்துக்கொண்டிருந்த கப்பலை. அதுவும் கப்பலை மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை. தண்டயல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அந்தக் கப்பலோடேயே போனார்கள். எந்தக் காற்றுக்கு எந்தப் பாயைச் சுருக்க வேண்டும், எந்தப் பலகை இடுக்கில் தண்ணீர் வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆளோடு சேர்த்து வாங்கியதால்தான் கப்பல் போய்ச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

சரி, மச்சானின் படகுக்கு வருவோம். கடலில் ஓட்டிப் பார்த்தோம். கைப்பிடியை முழுக்கத் தள்ளினால் இஞ்சின் அதன் பெயர்ப்பலகையில் உள்ள சுற்று எண்ணிக்கையைத் தொட வேண்டும். இது 2,300. இடது தொட்டது. வலது 2,080இல் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. "அடியில் பாசி" என்றார் புரோக்கர். பாசி இடது பக்கத்தில் மட்டும் பிடிக்காமல் விட்டுவிடுமா? படகைத் தூக்கிப் பார்க்காமல் இதற்குமேல் பேச வேண்டாம் என்றேன். தூக்கினால் புரொப்பெல்லரில் வளைவும் அரிப்பும், தண்டின் தாங்கியில் ஆட்டமும், அடிப்பாகத்தில் கொப்புளமும் தெரிந்துவிடும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல பைபர் "டக் டக்" என்று கணீரென்று பேசும், உள்ளே பால்சா மரம் ஈரம் குடித்து ஊறியிருந்தால் "தொப்" என்று விழும். தளத்தில் கம்பி, கொக்கி, ஆன்டெனா திருகிய இடங்களைச் சுற்றித் தட்டுங்கள், ஈரம் நுழைவது பெரும்பாலும் அந்த ஓட்டைகளில்தான். தூக்கும் செலவை யார் தருவது என்பதில் பேச்சு அறுந்துபோனது. வாங்குகிறவன்தான் வழக்கமாகக் கொடுப்பான், அதில் தப்பில்லை. நான் கொடுக்கத் தயார் என்றதும், "உரிமையாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று போனவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. முன்பணம் வழக்கமாக விலையில் 10 சதவீதம். அது விற்பவன் கைக்குப் போகக் கூடாது, மூன்றாம் ஆளின் கணக்கில் நிற்க வேண்டும். படகைச் சோதிக்கும் சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியாக இல்லாவிட்டால் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். சர்வேயரை நாமே அமர்த்த வேண்டும், புரோக்கர் சொல்லும் ஆளை அல்ல. படகின் மேல் வங்கிக் கடன் இல்லை என்ற கடிதமும், பழைய நாட்டுப் பதிவிலிருந்து நீக்கிய சான்றும் கைக்கு வராமல் மீதிப் பணம் போகக் கூடாது. இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற் சட்டம் இருக்கிறது. அதன்படி பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று படகைப் பார்ப்பதற்கு முன்பே கொழும்பில் விசாரியுங்கள். மீன்பிடிப் படகாகப் பதிந்ததை வாங்கி, சோபா போட்டு டூரிஸ்ட் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், அந்த அனுமதியைக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள்.

வருடச் செலவுக்குப் படகு விலையில் 10 சதவீதம் ஒதுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். பழைய படகில் அது ஏமாற்றுக் கணக்கு. 18 வருடம் கழித்து விலை கால்வாசியாக இறங்கியிருக்கலாம், பம்புக்கும் இஞ்செக்டருக்கும் விலை இறங்கவில்லை. அந்தப் படகு இன்று புதிதாக என்ன விலையோ அதை வைத்துத்தான் செலவைப் போட வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் ருசிக்கு, கிராண்ட் பேங்க்ஸ் 42 மாதிரி ஒரு மெதுவான படகு. ஹாங்காங்கிலும் பிறகு சிங்கப்பூரிலும் கட்டியது. 1973க்குப் பிறகு வந்தவை பைபர், அதற்கு முந்தியவை மரம். மரம் அழகு, ஆனால் நம் வெயிலுக்கும் மழைக்கும் ஒரு ஆசாரியைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டி வரும். பழையவற்றில் பலவற்றுக்கு ஃபோர்ட் லேமன் 120 குதிரைத்திறன் இஞ்சின் இரண்டு. கம்ப்யூட்டர் இல்லை, டர்போ இல்லை, 8 நாட்டில் போனால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 15 லிட்டர் குடிக்கும். லாரி இஞ்சின் பிரித்துப் பழகிய எந்த மெக்கானிக்கும் அதைத் திறந்து பார்த்துப் பயப்பட மாட்டான். வயதான படகுதான், அதனால் மேலே சொன்ன எல்லாச் சோதனையும் அதற்கும் உண்டு. வேகம் இல்லையே என்று மச்சான் அலுத்துக்கொள்கிறான். திருகோணமலையில் சீசன் என்பது மே முதல் செப்டம்பர் வரை, வாடை தொடங்கினால் படகைத் தெற்கே மிரிஸ்ஸ பக்கம் கொண்டுபோக வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை அந்தப் பயணத்தை மணிக்கு 15 லிட்டரில் போவதா 200 லிட்டரில் போவதா என்று அவன் கூட்டாளியோடு உட்கார்ந்து கணக்குப் போடட்டும்.

58 அடிக்கு நான் சொன்ன பதில் வேண்டாம் என்பதுதான், விலையைக் குறைத்தாலும் வேண்டாம். இப்போது 40க்கும் 46க்கும் இடையில், லாக் புக்கோடு, ஓட்டியவர் பேசக் கிடைக்கிற மாதிரி ஒன்றைத் தேடுகிறோம். இலங்கையிலோ தென்னிந்தியக் கரையிலோ மாலைதீவிலோ அப்படி ஒன்று விற்பனைக்கு நிற்பது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சலூன் படம் வேண்டாம், இஞ்சின் ரூம் படம் அனுப்புங்கள். பெயின்ட் அடிக்காமல்.